கல்வட்டத்துக்குள் ஒரு வீடு

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் போனால் கண்ணுக்கு நன்றாகப் பிடிபடும். ஏரிக்கு மேலே சரளை மேடு, ஏர் இறங்காத நிலம். ஆவாரஞ்செடிகளுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்குத் தலை நீட்டிக்கொண்டிருக்கும் உருண்டைப் பாறைகள். கிட்டத்தில் நின்று பார்த்தால் வெறும் பாறைதான். பத்தடி தள்ளி நின்றால் அடுத்தடுத்த கற்கள் சேர்ந்து ஒரு வளையமாகும். வளையத்தின் நடுவே சிறு கற்கள் குவிந்த மேடு. அதற்கு அப்பால் இன்னொரு வளையம், அதையும் தாண்டி இன்னொன்று. ஆடு மேய்ப்பவர்கள் உட்கார்ந்து இளைப்பாறும் அந்தக் கற்களைச் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் யாரோ அளந்து, உருட்டிக் கொண்டுவந்து, இடம் பார்த்து ஊன்றியிருக்கிறார்கள்.

தொல்லியலார் இதைக் கல்வட்டம் என்பார்கள். இறந்தவரைப் புதைத்த இடத்தைச் சுற்றி ஊன்றிய கற்கள் இவை. ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர்கள் வேறு. பல ஊர்களில் இது பாண்டவர் குழி. வனவாசம் போன பாண்டவர்கள் தங்கிய இடமாம். மாண்டவர் குழி என்பதே பாண்டவர் குழி என்று மருவியது என்று சொல்வோரும் உண்டு. மலபாரில் இவற்றைத் தோண்டிப் பார்த்த ஜே. பாபிங்டன் எழுதிய குறிப்பு 1823இல் அச்சானபோது, ஊரார் வாயில் வழங்கிய 'பாண்டு குழி' என்ற பெயரோடுதான் வந்தது. இறந்தோருக்குப் பெரிய கற்களால் சின்னம் எழுப்பிய காலத்தைப் பெருங்கற்காலம் என்பார்கள்; தென்னிந்தியாவில் அதைப் பற்றிய ஆய்வு ஏறக்குறைய அங்கிருந்துதான் தொடங்குகிறது. மறையூர் மலையில் பலகைக் கற்களால் ஆன கல்திட்டைகள் முனியறைகள். பழனி மலைப் பக்கம் குள்ளர் குகை. திருவண்ணாமலை, விழுப்புரம் வட்டாரத்தில் வாலியர் வீடு. வாலியர் என்போர் முழங்கை அளவே இருந்த குள்ள மனிதர்கள் என்று கதை சொல்வார்கள்.

இறந்தவரை வைத்துப் புதைத்த பெரிய மட்பானையான முதுமக்கள் தாழிக்கும் இதே சாயலில் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் மனிதர்களுக்குச் சாவு எளிதில் வராதாம். வயது ஏற ஏற உடம்பு சுருங்கி, கடைசியில் விளக்கு மாடத்தில் உட்காரவைக்கும் அளவுக்கு ஆகிவிடுவார்களாம். அதன் பிறகு தாழிக்குள் சோறும் தண்ணீரும் விளக்கும் வைத்து, அவர்களையும் இறக்கிவிடுவார்களாம்.

வரலாறாகப் பார்த்தால் இந்தக் கதைகள் எதுவும் நிற்காது. ஆனால் இவற்றை நான் தள்ளிவிட மாட்டேன். இந்தப் பெயர்களில் வீடு, அறை, குகை என்று குடியிருக்கும் இடங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. சிறிய அறையைப் பார்த்த மக்கள், இதில் குடியிருந்தவர் குள்ளராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்களே தவிர, இது வீடில்லை என்று ஒருபோதும் நினைக்கவில்லை. அகழாய்வுக் குழிகளுக்குள் இறங்கிப் பார்த்தாலும் அந்த எண்ணம்தான் வலுப்படுகிறது.

கல்வட்டம் தனியாக நிற்கும் சின்னம் அல்ல. அது மேலே தெரியும் சுற்றுவேலி மாதிரி. கீழே இருப்பது ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் வட்டத்துக்குள் குழி தோண்டி முதுமக்கள் தாழியை இறக்கியிருப்பார்கள். வட தமிழகத்தில் கால்கள் வைத்த நீண்ட சுடுமண் ஈமப்பேழைகள் அதிகம். செங்கல்பட்டு வட்டாரத்தில் சாணூர், குன்னத்தூர், அமிர்தமங்கலம் என்று இந்தியாவின் அடர்த்தியான ஈமக்காடுகள் சில இருக்கின்றன. சாணூரில் 1950இலும் 1952இலும் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தது. கொங்குப் பகுதியிலும் புதுக்கோட்டையிலும் பலகைக் கற்களைப் பெட்டிபோல் நிறுத்திய கற்பதுக்கைகள் கிடைக்கின்றன. கல்லும் அந்தந்த மண்ணுக்குரியதே. கருங்கல் கிடைக்கும் இடத்தில் கருங்கல், புதுக்கோட்டையின் சில பகுதிகளில் செம்புறாங்கல்.

கற்பதுக்கை கட்டிய விதத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும். நான்கு பக்கமும் நிறுத்திய பலகைக் கற்களை மூலைக்கு மூலை ஒட்டி வைக்கவில்லை. ஒரு பலகையின் முனை அடுத்த பலகையைத் தாண்டி வெளியே நீளும். அதன் முனை அதற்கடுத்ததைத் தாண்டும். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திகை வடிவம். வெளியிலிருந்து மண் நெருக்கும்போது ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்மேல் சாய்ந்து நிற்கும். சாந்து இல்லை, ஆணி இல்லை. நெருக்குகிற மண்ணே கட்டடத்தை இறுக்கிப் பிடிக்கிறது. சித்தன்னவாசலில் இந்த அமைப்பைத் தெளிவாகப் பார்க்கலாம். மேலே பல டன் எடையுள்ள மூடுகல் வேறு. அதைத் தூக்கி வைக்க ஒரு குடும்பத்தின் தோள்கள் போதாது, ஊரே கூடியிருக்க வேண்டும்.

பெரும்பாலும் கிழக்குப் பக்கப் பலகையில் ஒரு துளை இருக்கும். தொல்லியலார் இதை இடுதுளை என்கிறார்கள். வட்டமாகக் குடைந்தவை மிகுதி; கொடுமணலில் சாவித்துளை வடிவிலும் இருக்கின்றன. கருங்கல் பலகையில் இப்படிக் குடைவது எத்தனை நாள் வேலை என்று கல்தச்சர்களைக் கேட்டால் தெரியும். அடைத்துவிட்டு மறந்துபோகிற குழிக்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். மூடுகல் ஏறிய பிறகும் உள்ளே கைநீட்ட, படையல் வைக்க, அடுத்து இறந்தவரின் எலும்புகளைச் சேர்க்க ஒரு வழி வேண்டியிருந்தது. ஒரே பதுக்கையில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்திருப்பது இதற்குத் துணை நிற்கிறது. உயிர் போய்வரும் வாசல் என்று கொள்வோரும் உண்டு. இரண்டில் எது சரியானாலும் அது கதவுதான். கதவு இருப்பதால்தான் இதை வீடு என்கிறேன்.

இவை எவ்வளவு பழையவை என்ற கேள்விக்கான விடை, நம் தலைமுறையில் பலமுறை மாறிவிட்டது. 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் அகழ்ந்த மார்டிமர் வீலர், பெருங்கற்காலப் பண்பாடு கிறித்து பிறப்பதற்கு ஓரிரு நூற்றாண்டு முன்னர்தான் அங்கே தொடங்கியது என்று கணித்தார். பிறகு வந்த கணிப்புகள் அதைக் கிமு 1000 வாக்கில் கொண்டுபோய் வைத்தன. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாட்டின் காலம் கிமு 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டம் கீழ்நமண்டியில் ஈமப்பேழைப் புதைப்புக்குக் கிடைத்த காலம் கிமு 1692. தூத்துக்குடி மாவட்டம் சிவகளைத் தாழிக்காட்டு மாதிரிகள் கிமு 3345 வரை போகின்றன என்று 2025 சனவரியில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்டது. மிகப் பழைய இந்தக் கணிப்புகளைப் பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது, நடக்கவும் வேண்டும். இன்னொரு முனையில், பழனிக்கு அருகிலுள்ள பொருந்தல் ஈமச்சின்னத்தில் கிடைத்த நெல்லின் காலம் கிமு 490. ஆக, இது ஓர் அரசரின் காலத்திலோ ஒரு நூற்றாண்டிலோ வந்துபோன வழக்கம் இல்லை. எத்தனையோ தலைமுறைகள் தங்கள் இறந்தோரைச் சுற்றி இப்படிக் கல் ஊன்றியிருக்கின்றன.

அப்படியானால் எல்லோருக்கும் கல்வட்டம் எடுத்தார்களா? கணக்குப் போட்டுப் பார்த்தாலே இல்லை என்று தெரிந்துவிடும். பெரிய ஈமக்காட்டில்கூடச் சில நூறு வட்டங்கள்தான் இருக்கும். ஓர் ஊர் சில நூற்றாண்டுகள் தொடர்ந்து வாழ்ந்திருந்தால் அங்கே இறந்தவர் எண்ணிக்கை அதைப்போலப் பல மடங்கு. கல்வட்டம் சிலருக்கு மட்டுமே கிடைத்த மரியாதை. நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் இதை நன்றாகக் காட்டுகிறது. கபிலரும் அரிசில்கிழாரும் பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று பாடிய ஊர் இதுதான். இரும்பு உருக்கி, மணி கோத்து, தொலைதூர வணிகம் செய்த ஊர். இங்கே ஒரே ஈமக்குழியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. மணி செய்யும் பட்டறை ஊரிலேயே இருந்தும், அத்தனை மணிகளையும் விற்காமல் மண்ணுக்குள் வைத்தார்கள். வாள், அம்புமுனை, கருப்பு-சிவப்பு மட்கலம், அவற்றை நிறுத்திவைக்கப் புரிமணை, நான்கு கால் சாடி என்று குடித்தனத்துக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் உள்ளே போயின.

இனி எலும்புகளுக்கு வருவோம். பல கல்வட்டங்களில் முழு உடல் கிடைப்பதில்லை. தேர்ந்தெடுத்த சில எலும்புகள் மட்டும் இருக்கும். இறந்த உடலை முதலில் வேறோரிடத்தில் கிடத்தியோ எரித்தோ, பிறகு எலும்பைப் பொறுக்கி வந்து வைத்திருக்கிறார்கள். அதாவது சாவுக்கும் கல்வட்டத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. கல் கொண்டுவர, மட்கலம் வனைய, உறவினர்க்குச் சொல்லி அனுப்ப அந்த இடைவெளி தேவைப்பட்டிருக்கும். இறந்தவர் பிணம் என்ற நிலையிலிருந்து முன்னோர் என்ற நிலைக்கு மாறுவதற்கும் அந்த நாட்கள்தான் என்று நினைக்கிறேன்.

இதற்குச் சான்று நீலகிரியில் இருக்கிறது. அங்குள்ள பழங்குடிகளான தோடர்களின் ஈமச்சடங்கு இரண்டு கட்டமாக நடந்ததை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தங்கி ஆய்ந்த ரிவர்ஸ் பதிவு செய்திருக்கிறார். முதலாவது, பச்சைச் சாவு, உடலை எரிப்பது. பிறகு வேறொரு நாளில் உலர்ந்த சாவு. எரித்தபோது எடுத்துவைத்த எச்சங்களுக்கு அன்றைக்குத்தான் முடிவுச் சடங்கு. கடைசியில் சாம்பலைப் புதைக்கும் இடம் 'அசாரம்' எனப்படும் ஒரு கல்வட்டம். நீலகிரியின் பழைய கல்வட்டங்களைக் கட்டியவர்கள் தோடர்கள்தாம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் கல்லை வட்டமாக வைத்து, இரண்டாம் சடங்கு முடித்து, இறந்தவரை வழியனுப்புவது என்ற எண்ணம் புத்தகத்தில் மட்டும் இருப்பது இல்லை, மனிதர்கள் கண்முன்னே செய்துகாட்டியது.

நம் வீடுகளிலும் தான் என்ன? எரித்த மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்குகிறோம். கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்று சுற்றி உடைக்கிறோம். கருமாதிக்குக் கல் நிறுத்தி, அந்தக் கல்லையே இறந்தவராக எண்ணிப் படைக்கிறோம். வாய்க்கரிசி போடுகிறோம். மூவாயிரம் ஆண்டுச் சடங்கு அப்படியே கைமாறி வந்தது என்று ஒரே மூச்சில் சொல்வது அவசரம். வேறு வேறு வழிகளில் வந்து கலந்தவை இவை. ஆனாலும் எலும்பு, பானை, அரிசி, கல், வலம் என்ற ஐந்தும் இரண்டு இடத்திலும் இருப்பதைக் கண்டுகொள்ளாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

அரிசியை மட்டும் எடுத்துக்கொள்வோம். பொருந்தலில் ஈமச்சின்னத்துக்குள் ஒரு சாடி நிறைய நெல் இருந்தது. சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல்லின் காலம் கிமு 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. புறநானூற்றில் மாங்குடி கிழார் பாட்டு ஒன்று (335) இப்படி முடிகிறது: 'கல்லே பரவின் அல்லது, நெல் உகுத்துப் பரவும் கடவுளும் இலவே.' பகைவர் முன் நின்று யானையை எறிந்து வீழ்ந்த வீரனின் கல்லைத்தான் வணங்குவோம், நெல் தூவி வணங்க வேறு கடவுள் எங்களுக்கு இல்லை என்கிறது பாட்டு. கல்லும் நெல்லும் இறந்தவனும் ஒரே அடியில் வந்து நிற்கிறார்கள். கல்வட்டங்களின் ஆன்மிகத்தைப் பற்றி எழுத்தில் நமக்குக் கிடைக்கக்கூடிய மிக நெருக்கமான வாக்குமூலம் இதுதான் என்று கருதுகிறேன். இறந்தவரைக் கடவுளிடம் அனுப்பிவைப்பது ஒரு நம்பிக்கை. இறந்தவரே ஊர் எல்லையில் கடவுளாக இருந்துவிடுவது இன்னொரு நம்பிக்கை. அந்தச் சரளை மேட்டில் இருப்பது இரண்டாவது.

பாட்டுகள் இன்னும் சிலவற்றையும் சொல்கின்றன. வழிப்பறி செய்வோரின் அம்பு பட்டு வீழ்ந்தவர்களின் மேல் குவித்த 'வம்பப் பதுக்கை' புறநானூற்றில் வருகிறது. மணிமேகலை ஒரு சுடுகாட்டைக் காட்டும்போது 'சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்' என்று ஐந்து முறைகளை அடுக்குகிறது. எல்லாம் ஒரே ஊரின் சுடுகாட்டில் நடக்கின்றன. வழக்கங்கள் ஒன்று அழிந்து ஒன்று வந்தது என்று நேர்கோடாக நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு அடிகளே போதும். சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது புலவர் ஐயூர் முடவனார், குயவனைப் பார்த்து, இவ்வளவு பெரியவனைக் கவிக்கும் தாழியை எப்படி வனைவாய், நிலத்தைச் சக்கரமாகவும் மலையை மண்ணாகவும் வைத்து வனைய உன்னால் முடியுமா என்று கேட்கிறார். இன்னொரு பாட்டில் குயவனிடம் ஒரு பெண் கேட்பதுதான் நெஞ்சைப் பிசைகிறது (புறநானூறு 256). வண்டிச் சக்கரத்து ஆரத்தில் ஒட்டிக்கொண்ட சிறு வெண்பல்லிபோல் அவனோடு பல காடுகள் கடந்து வந்தவள் நான். ஈமத்தாழியை எனக்கும் சேர்த்து அகலமாக வனைந்துவிடு என்கிறாள். உயிரோடு சேர்ந்து இருந்ததைப்போலவே இறந்தும் சேர்ந்து இருப்பதற்கான இடமாக அவள் அந்தப் பானையை நினைக்கிறாள்.

வட்டம் ஏன் என்ற கேள்விக்கு வானத்தைக் காட்டுவோர் உண்டு. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச், கோடைக்காலத்தின் நீண்ட பகலில் சூரியன் உதிக்கும் திசையை நோக்கி அமைந்திருப்பது உலகறிந்தது. அதனால் கல்வட்டம் என்றாலே வானியல் கூடம் என்று ஒரு நினைப்பு பரவிவிட்டது. ஸ்டோன்ஹெஞ்சே கிமு 3000 வாக்கில் அதன் முதல் கட்டத்தில் எரித்த எலும்புகளைப் புதைத்த இடுகாடாக இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. கர்நாடகத்தில் வரிசையாகக் கல் ஊன்றிய சில இடங்களில் சூரியனின் போக்கோடு தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வுகள் நடந்திருக்கின்றன. நம்முடைய சின்னஞ்சிறு வட்டங்களில் அப்படித் தேட வேண்டியதில்லை. கிழக்கு நோக்கிய இடுதுளை போதும். வீட்டுக்குத் தலைவாசல் கிழக்கே பார்த்து வைப்பவர்களுக்கு அதை விளக்கவும் வேண்டாம். வட்டம் இங்கே எல்லை என்றே படுகிறது. இதற்குள் கலப்பை வராது, கால்நடையை ஓட்டக் கூடாது, இது அவருடைய இடம் என்பதைச் சொல்லும் கோடு.

காலப்போக்கில் வட்டம் சுருங்கி, கல் நிமிர்ந்தது. ஈமக்காடுகளில் ஆங்காங்கே நின்ற நெடுங்கற்கள் நடுகல் வழக்கத்துக்கு முன்னோடி என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து பொறித்த நடுகற்கள் அந்த மாற்றத்தின் ஒரு படியைக் காட்டுகின்றன. அவற்றில் ஒன்று, கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட தீயன் அந்தவனின் கல். கல்வட்டத்துக்குள் கிடந்தவருக்கு நம்மிடம் பெயர் இல்லை. இங்கே பெயர் வந்துவிட்டது. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று கல் நடுவதற்கே ஒரு முறை வகுத்திருக்கிறது. பிற்காலச் சோழர்கள் இறந்த அரசர்க்கும் அரசியர்க்கும் எடுத்த பள்ளிப்படைக் கோயில்கள் அந்த வழியில் இன்னும் தூரத்தில் இருக்கின்றன. ஆற்றூரில் துஞ்சிய அரிஞ்சய சோழனுக்கு முதலாம் இராசராசன் மேல்பாடியில் எழுப்பிய அரிஞ்சிகை ஈசுவரமும், பட்டீசுவரத்துப் பஞ்சவன்மாதேவி பள்ளிப்படையும் இன்றும் நிற்கின்றன.

திருவண்ணாமலை மாவட்டத்து மோட்டூரில் கல்வட்டத்தோடு சேர்ந்து நிற்கும் மனித வடிவப் பலகைக் கல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். கண், மூக்கு, வாய் எதுவும் செதுக்கவில்லை. தலையும், இரு பக்கமும் வளைந்து விரிந்த தோளும் மட்டும். விழுப்புரம் பக்கம் உடையாநத்தத்தில் இதே போன்றதை மக்கள் விசிறிப்பாறை என்கிறார்கள். முன்னோர் உருவம் என்பார்கள், தாய்த்தெய்வம் என்பார்கள். முகம் இல்லாதது வேண்டுமென்றே செய்தது என்று எனக்குத் தோன்றுகிறது. முகம் செதுக்கியிருந்தால் அது ஒருவராகிவிடும். முகம் இல்லாததால் வட்டத்துக்குள் இருக்கும் எல்லோருக்கும் அது பொது.

இத்தனையும் இருந்த இடங்கள் நம் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கின்றன. உழவுக்கு உதவாத நிலம் என்று முன்னோர் ஒதுக்கிய அதே சரளை மேடுகள் இன்று கல்குவாரிக்கும் மனைப்பிரிவுக்கும் தோதாக இருக்கின்றன. புதையல் இருக்கும் என்று மூடுகல்லைப் பெயர்க்கிறவர்களும் உண்டு. உள்ளே இருப்பது உடைந்த பானையும் துருப்பிடித்த இரும்பும்தான் என்று தெரிந்ததும் அப்படியே போட்டுவிட்டுப் போகிறார்கள். வட்டத்துக் கற்களில் நான்கைந்தைத் தூக்கி வேலிக்கு வைத்தாலே போதும், அடுத்த தலைமுறைக்கு அது வட்டம் என்றே தெரியாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை கொஞ்சம். மற்றவை ஊர்க்காரர்களின் அச்சத்தையும் மரியாதையையும் நம்பித்தான் இதுவரை பிழைத்திருக்கின்றன. பாண்டவர் குழி, முனியறை என்ற பெயர்கள் செய்த காவல் அது.

சித்தன்னவாசலுக்கு ஓவியம் பார்க்கப் போகிறவர்கள் குன்றை நோக்கி விரைகிறார்கள். போகிற வழியிலேயே கல்வட்டங்கள் இருக்கின்றன. வண்டியை நிறுத்தி இறங்கினால், மண் சரிந்து மேல்விளிம்பு வெளியே தெரியும் பதுக்கைகளைப் பார்க்கலாம். ஒரு பலகைக்கு அடுத்த பலகை எப்படித் தோள் கொடுத்து நிற்கிறது என்று பாருங்கள். பிறகு கிழக்குப் பக்கம் போய்க் குனிந்து, அந்தத் துளையைத் தேடுங்கள்.